கட்டைவிரல் மரியாதை

"உடைஞ்ச பொருள் ஏதாவது கொண்டு வந்திருக்கீங்களா?" என்பதுதான் சோலார் செல் தொழிற்சாலையின் வாசலில் காவலர் கேட்ட முதல் கேள்வி.

"அதைக் காட்டத்தானே வந்திருக்கோம்," என்றாள் நர்ஸம்மா.

காவலர் வேனின் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தார். போர்வையில் சுற்றிய சோலார் பேனல் ஒன்று படுத்திருந்தது. அவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"இதை உள்ள விட முடியாதும்மா. இந்த வளாகத்துக்குள்ள பழுதான பொருள் ஒண்ணுகூடக் கிடையாது. ஆறு வருஷமா கிடையாது. இதை விட்டா ஒண்ணு ஆயிடும்."

ஓட்டுநர் இருக்கையில் இருந்த நர்ஸம்மாவின் கணவர் தலையை வெளியே நீட்டினார். "அப்போ பழுதை எங்கதாங்க காட்டறது?"

"புகாரை உள்ள சொல்லலாம். பழுதை வெளிய வெச்சுட்டுச் சொல்லணும்."

நர்ஸம்மா வாதாடவில்லை. இருபத்திரண்டு வருட வேலையில் அவள் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. ஊசி போட்ட குழந்தை எட்டி உதைத்தால் அந்தக் காலைத் தடவிக் கொடுப்பவள். கையில் நிறுவனத்தின் கடிதம் இருந்தது. அதை நூறு முறையாவது படித்திருப்பாள்.

அவளுடைய சுகாதார நிலையத்தின் கூரையில் பன்னிரண்டு பேனல்கள். ஒரே வருடத்தில் ஏழு செத்துப்போயின. அவற்றை நம்பித்தான் தடுப்பூசிக் குளிர்பெட்டி ஓடியது. இரண்டு நாளாக அது ஓடவில்லை. உள்ளே பனிக்கட்டிகளை அடுக்கி மூடி வைத்திருக்கிறார்கள். நாளை மதியம் வரை தாங்கும். அதற்குள் புதுப் பேனல்களைப் பூட்டி, வெயில் ஏறி, பெட்டி குளிர வேண்டும். இல்லையென்றால் முப்பத்தெட்டுக் குழந்தைகளுக்கான மருந்தையும் குழி தோண்டிப் புதைக்க வேண்டியதுதான்.

மாற்றுப் பேனல் தரும் அலுவலகம் நான்கு மணிக்கு மூடும். நாளை முதல் மூன்று நாள் நிறுவனத்துக்கு ஆண்டு விடுமுறை.

கடிதத்தில் இப்படி எழுதியிருந்தது: "எங்கள் தயாரிப்பில் பழுது ஏற்பட இயலாது. தயாரிப்பை நேரில் சுற்றிப் பார்த்தபின் தங்கள் ஐயம் நீங்கிவிடும். முழுச் சுற்றையும் பார்த்த பிறகும் ஐயம் நீங்காதவர்களுக்கு அன்றே மாற்றுப் பேனல் வழங்கப்படும். பாதியில் விலகுபவர்கள் மீண்டும் முதலிலிருந்து பார்க்க வேண்டும்."

"உள்ள போய் நல்லா அதட்டிக் கேளு," என்றார் கணவர். "வீட்டுல எங்கிட்ட காட்டற கெத்துல பாதியைக் காட்டினாப் போதும்."

"உங்ககிட்ட நான் எப்பங்க அதட்டினேன்?"

"அதான், இன்னைக்கு ஆரம்பிக்கலாம்ல."

மணி பத்தரை.

*

அன்றைய சுற்றில் பன்னிரண்டு பேர். பதினொரு பேர் ஓய்வுபெற்ற அதிகாரிகள் சங்கத்தவர்கள். நடக்க முடிந்தவர்கள் நடந்தார்கள். அவர்களின் தலைவர் ஒரு முன்னாள் நீதிபதி. பன்னிரண்டாவது ஆளாக நர்ஸம்மா ஒதுங்கி நின்றாள்.

விருந்தினர் மேலாளர் கன்னத்தோரம் சிறிய மைக்கை மாட்டிக்கொண்டு வந்தார். வெளுத்த சட்டை, வெளுத்த சிரிப்பு. எல்லோரையும் ஒரு அரங்கில் உட்காரவைத்தார். சூரியனைப் பற்றிய படம் ஓடியது. ஐம்பது நிமிடம். அதில் முப்பது நிமிடம் நிறுவனத் தலைவர் நடந்தார், திரும்பினார், தொலைவில் எதையோ பார்த்தார். சூரியன் கடைசியில் வந்தது.

விளக்கு போட்டதும் மேலாளர் பேசினார்.

"உலகத்துல ஆயிரம் தொழிற்சாலை இருக்கு. எல்லாரும் பொருள் செய்யறாங்க. யாராவது பார்க்க வர்றாங்களா? நாங்க யோசிச்சோம். பார்க்க ஆளே இல்லாம செய்யறதெல்லாம் ஒரு தயாரிப்பா? இன்னைக்கு வருஷத்துக்கு நாப்பதாயிரம் விருந்தினர்கள் வர்றாங்க. எத்தனை செல் வெளிய போகுதுங்கற விவரம் எங்கிட்ட இல்ல. அது வேற துறை."

நீதிபதி கை தூக்கினார். "இது ராத்திரியிலயும் வேலை செய்யுமா?"

"அருமையான கேள்வி!" என்றார் மேலாளர். எல்லோரும் கை தட்டினார்கள். நீதிபதி எழுந்து வணங்கிவிட்டு உட்கார்ந்தார். அந்தக் கேள்வி அத்தோடு முடிந்தது.

நர்ஸம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று ஐம்பது.

அடுத்து உடை மாற்றும் அறை. தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி, தலைமுடிக்கு உறை, செருப்புக்கு உறை, வாய்க்கு முகமூடி, கைக்கு இரண்டு அடுக்குக் கையுறை. ஒவ்வொரு பெரியவரையும் அதற்குள் நுழைக்க ஐந்து நிமிடம் ஆனது. நர்ஸம்மா தானே இறங்கி நான்கு பேருக்கு மாட்டிவிட்டாள். அது அவளுக்குப் பழகிய வேலை. நேரமும் மிச்சமாகும்.

பிறகு காற்றறை. இருவர் இருவராக உள்ளே போய்க் கைகளைத் தூக்கி நிற்க வேண்டும். நாலா பக்கமும் காற்று பீறிட்டு ஒட்டியிருக்கும் தூசியை அடித்துத் தள்ளும்.

"ஒரு தூசி, ஒரே ஒரு தலைமுடி உள்ள போனாப் போதும்," என்றார் மேலாளர், "செல் காலி. அவ்வளவு மென்மை. ஒரு தாளைவிடக் கொஞ்சம்தான் தடிமன். மனுஷ மூச்சுகூடப் படக் கூடாது."

நர்ஸம்மாவுக்கு இந்தப் பேச்சு பிடித்திருந்தது. கையுறை, முகமூடி, சுத்தம்: இதெல்லாம் தெரிந்தவர்கள் நியாயமானவர்களாகத்தான் இருப்பார்கள் என்று நினைத்தாள்.

கண்ணாடித் தடுப்பு வழியாகத் தயாரிப்புக் கூடம் தெரிந்தது. சாம்பல் நிறச் சிலிக்கான் வில்லைகள் ஓடும் பட்டையில் வரிசையாக வந்தன. ஒரு தொட்டியில் குளித்தன. ஒரு இயந்திரத்துக்குள் போய் நீலமாக வெளியே வந்தன. இன்னொன்று அவற்றின் மேல் முடி போன்ற வெள்ளிக் கோடுகளை அச்சடித்தது. பிறகு உலைக்குள் நுழைந்தன. நர்ஸம்மா கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டாள்.

தலைக்கு மேல் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. பட்டை நின்றது. தொழிலாளிகள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வரிசையாக வந்து நின்று கை அசைத்தார்கள். சிரித்தார்கள். ஓய்வுபெற்ற அதிகாரிகளும் கை அசைத்தார்கள். ஒருவர் முத்தம் பறக்கவிட்டார்.

"நம்மளப் பார்த்தா வேலையை நிறுத்திடுவாங்களா?" என்று கேட்டாள் நர்ஸம்மா.

"விருந்தினர் முன்னாடி வேலை செஞ்சா நல்லாவா இருக்கும்?" என்றார் மேலாளர். "ஒரு நாளைக்குப் பதினாலு தடவை நிப்பாட்டறோம். அடுத்த வருஷம் இருபது ஆக்கறதா இலக்கு."

"அப்போ செல் எப்போ செய்வாங்க?"

"நடுவுல."

உலைக்குள் மாட்டிக்கொண்ட செல்கள் நின்ற இடத்திலேயே வெந்துகொண்டிருந்தன. விளக்கு அணைந்து பட்டை நகர்ந்தபோது அவை காபி நிறத்தில் வெளியே வந்தன. மேலாளர் தன் அங்கியை விரித்து அந்தப் பக்கத்தை மறைத்தபடி எல்லோரையும் முன்னே நடத்தினார்.

மணி ஒன்று பத்து. நர்ஸம்மாவுக்குப் பசிக்கவில்லை.

*

அடுத்த அறையில் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். நடுவில் ஒரு மேடை. மேடை மேல் மேசை, மேசை மேல் வெல்வெட் துணி, துணி மேல் விரித்த கை அளவுக்கு ஒரு நீலச் செல்.

"இப்போ எல்லாரும் வலது கைக் கையுறையைக் கழட்டிடுங்க," என்றார் மேலாளர்.

நர்ஸம்மா காதில் விழுந்தது சரிதானா என்று பார்த்தாள். மற்றவர்கள் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"இது எங்க நிறுவனத்துக்கே உரிய வழக்கம்," மேலாளரின் குரல் தழுதழுத்தது. "முன்னாடியெல்லாம் விருந்தினர்கள் வந்தாங்க, பார்த்தாங்க, போனாங்க. அவங்களுக்கும் செல்லுக்கும் ஒரு ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. ஒருநாள் நம்ம தலைவர் நடந்துட்டே வந்தார். சும்மா ஒரு செல் மேல கட்டைவிரலை வெச்சு ஒரு அழுத்து அழுத்தினார். ஏன்னு யாருக்கும் தெரியல. ஆனா எல்லாரும் கை தட்டினோம். அன்னைக்கே முடிவு பண்ணிட்டோம். ஒவ்வொரு விருந்தினரும் ஒரு செல்லுக்குக் கட்டைவிரல் மரியாதை செய்யணும்."

"கையுறையோட செய்யக் கூடாதா?" என்றாள் நர்ஸம்மா.

"மரியாதையைக் கையுறை போட்டுட்டா செய்வாங்க?"

முதலில் நீதிபதி மேடையேறினார். தீர்ப்பில் முத்திரை குத்துவதுபோல ஓங்கி அழுத்தினார்.

டிக்.

"கேட்டீங்களா அந்தச் சத்தம்?" மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார். "செல் ஏத்துக்கிட்டதுன்னு அர்த்தம்."

கைதட்டல். அந்தச் செல்லைத் தட்டில் வைத்து எடுத்துப் போனார்கள். அடுத்த செல் வந்தது. அடுத்த அதிகாரி. டிக். ஒரு பெரியவரின் விரலுக்குப் பலம் போதவில்லை, சத்தம் வரவில்லை. அவர் முகம் வாடிவிட்டது. மேலாளர் அவரை இரண்டு கையாலும் அழுத்தச் சொன்னார். டிக். பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நர்ஸம்மாவுக்கு அந்தச் சத்தம் தெரியும். ஊசி மருந்துக் குப்பியின் கழுத்தை ஒடிக்கும்போது வருகிற அதே சத்தம். ஒரு நாளைக்கு முப்பது தடவை கேட்கிறாள். அது எதுவும் எதையும் ஏற்றுக்கொள்கிற சத்தம் இல்லை.

அவள் முறை வந்தது. விரலைச் செல்லின் மேல் வைத்தும் வைக்காமலும் பிடித்தாள். பூனை முதுகைத் தொடுவதுபோலத் தொட்டுவிட்டு எடுக்கப் பார்த்தாள்.

"கூச்சப்படாதீங்கம்மா," என்ற மேலாளர், அவள் கட்டைவிரல் மேல் தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

டிக்.

எல்லோரும் கை தட்டினார்கள். மேடையிலிருந்து இறங்கியதும் நர்ஸம்மா கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

*

சோதனை அறை இருட்டாக இருந்தது. ஒரு பெண் திரை முன்னால் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"செல்லுக்குள்ள மின்சாரம் பாய்ச்சினா அது லேசா ஒளிரும்," என்று மேலாளர் விளக்கினார். "நம்ம கண்ணுக்குத் தெரியாது. கேமராவுக்குத் தெரியும். விரிசல் இருந்தா அந்த இடம் கறுப்பாயிடும். எங்ககிட்ட விரிசல் கிடையாது. இருந்தாலும் பார்ப்போம். அதான் தரம்."

திரையில் முதல் செல் வந்தது. சாம்பல் வெளிச்சத்தின் நடுவே கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறுப்புப் பொட்டு. அதிலிருந்து நாலு பக்கமும் கிளைகள்.

"நீதிபதி ஐயா!" என்று கூவினார் மேலாளர். "உங்க மரியாதை!"

அதிகாரிகள் சங்கம் ஆரவாரித்தது. நீதிபதி தன் விரிசலோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். அந்தப் பெண்ணின் முன்னால் மூன்று பொத்தான்கள் இருந்தன. 'நன்று', 'பழுது', 'மரியாதை'. அவள் மூன்றாவதை அழுத்தினாள். அடுத்த செல்லுக்கும் மூன்றாவது. அதற்கடுத்ததற்கும். அந்தப் பொத்தானில் எழுத்து தேய்ந்துபோயிருந்தது.

நர்ஸம்மா அங்கிக்குள் கைவிட்டு ஒரு காகிதத்தை எடுத்தாள். செத்த பேனல்களை மின்துறைப் பொறியாளர் ஒருவர் இருட்டில் வைத்து எடுத்துக் கொடுத்த படம். ஒவ்வொரு பேனலிலும் நாலைந்து செல்லில் கட்டைவிரல் அளவுக் கறுப்புப் பொட்டு, நாலு பக்கமும் கிளைகள். கறுப்பான இடமெல்லாம் செத்த இடம் என்று அவர் சொல்லியிருந்தார். எல்லாம் ஏன் ஒரே மாதிரி செத்திருக்கின்றன என்பதுதான் அவருக்குப் புரியவில்லை.

திரையில் கடைசியாக ஒரு செல் வந்தது. அதில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு விரல் பொட்டு.

அவளுடையது. எங்கோ ஒரு கூரைக்கு அது போய்ச் சேரும். அதன் கீழே யாருடைய மருந்துப் பெட்டி இருக்குமோ.

மேலாளர் கூட்டத்தை அடுத்த அறைக்கு ஓட்டிப் போனார். நர்ஸம்மா நகரவில்லை. காகிதத்தைச் சோதனைக்காரப் பெண்ணின் முன்னால் வைத்தாள்.

அவள் பார்த்தாள். "எத்தனை பேனலக்கா போச்சு?"

"ஏழு."

"மீதியும் போயிடும்." குரலைத் தாழ்த்தினாள். "மாத்திக் கேட்டு வந்திருக்கீங்களா? மாத்திக் குடுத்தாலும் இதேதான் வரும். ஒரு பேனல்ல குறைஞ்சது நாலு மரியாதைச் செல் இருக்கணும். இல்லன்னா முதல் தரம்னு முத்திரை போட மாட்டாங்க."

"விரல் படாத பேனலே கிடையாதாம்மா?"

அந்தப் பெண் கதவைப் பார்த்தாள். "இருக்கு. திங்கட்கிழமை தரைக்கு மெருகு போடறாங்க. விருந்தினர் கிடையாது. அன்னைக்குப் பட்டை நிக்கவே நிக்காது. அன்னைக்குச் செஞ்சதெல்லாம் பின்னாடி கொட்டகையில கிடக்கு. மரியாதை இல்லாத சரக்குன்னு பேரு. ஆறு வருஷமா நான் 'நன்று' பொத்தானை அழுத்தறது அந்த ஒரு நாள்தான்."

"அதுல ஏழு கேட்டு வாங்கிக்கறேன்."

"கேட்டா தர மாட்டாங்கக்கா. அதை யாரும் கேட்டு வாங்கக் கூடாது, நிறுவனத்துக்கு அவமானம். விருந்தினருக்கு முதல் தரம்தான் தருவாங்க. மரியாதை கெட்டு நடந்துக்கற ஆளுக்குத்தான் அது. தண்டனையா."

"எனக்கு அப்படியெல்லாம் நடந்துக்கத் தெரியாதேம்மா."

"மணி மூணு பத்து. சீக்கிரம் கத்துக்கோங்க."

*

சுற்று முடிந்து அவள் நுழைந்த புகார் அறையில் மேலாளரே உட்கார்ந்திருந்தார். மைக்கைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார். மூக்கில் கண்ணாடி ஏறியிருந்தது.

"இப்போ நான் புகார்ப் பிரிவு. சொல்லுங்கம்மா."

நர்ஸம்மா படத்தை நீட்டினாள். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அடடே! இந்த அகலம்... இது நம்ம தலைவரோட விரல் மாதிரி இருக்கே! இதையாம்மா செத்துப்போச்சுங்கறீங்க? இதைச் சட்டம் போட்டு மாட்டணும்."

"ஐயா, விரல் வெச்ச இடத்துலதான் உடைஞ்சிருக்கு."

"உடையல. நெகிழ்ந்திருக்கு." படத்தை இழுப்பறையில் பத்திரப்படுத்திக்கொண்டார். "கவலையே படாதீங்க. இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. உங்களுக்குச் சாதாரண முதல் தரம் தர மாட்டேன். போன மாசம் ஒரு மாநாட்டுக்கூட்டம் வந்துச்சு. ஒரு பேனலுக்கு அறுபது செல், அறுபதுலயும் விரல். முழு மரியாதை! அதுல ஏழு எடுத்து வைக்கச் சொல்லியாச்சு."

நர்ஸம்மா நிமிர்ந்து பார்த்தாள். சுவரில் மூன்று இருபத்தைந்து.

அவள் தொண்டையைச் செருமினாள். "படம்... ரொம்ப நீளம்."

மேலாளர் ஒரு ஏட்டைத் திறந்தார். "கருத்து சொல்றீங்களா? சந்தோஷம்." 'படம்: நிறைவு' என்று எழுதினார்.

"காத்தறையில காத்து சரியாவே வரல."

'காற்று: மென்மை.'

"நீங்க பேசினதுல பாதி எனக்குப் புரியல."

'உரை: ஆழம்.' அவர் கண் பனித்தது. "நன்றிம்மா."

நர்ஸம்மா மேசை மேலிருந்த பேனாக் கூட்டைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு முழங்கையால் தட்டிவிட்டாள். பேனாக்கள் தரையெங்கும் உருண்டன. மறுகணம் குனிந்து பொறுக்கப் போனாள். பாதியில் நினைவு வந்து நிமிர்ந்தாள். அதற்குள் மேலாளர் தரையில் மண்டியிட்டிருந்தார்.

"மன்னிக்கணும், மேசை ரொம்பச் சின்னது," என்றார் மேசைக்கு அடியிலிருந்து.

மூன்று முப்பத்தெட்டு.

அவர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டு ஒரு பெரிய பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினார். ஒவ்வொரு பக்கத்திலும் 'நான் வியந்தேன்' என்று அச்சடித்திருந்தது. கீழே கையெழுத்துகள். "ஒரே ஒரு கையெழுத்து. போட்டுட்டீங்கன்னா பேனல் வண்டியில ஏறிடும்."

நர்ஸம்மா பேனாவை எடுத்தாள். அதன் முனை காகிதத்துக்கு மேலேயே நின்றது. முப்பத்தெட்டுக் குழந்தைகளில் பாதிப் பேரின் பெயர் அவளுக்குத் தெரியும்.

பேனாவைக் கீழே வைத்தாள்.

"நான் வியக்கலீங்க."

மேலாளர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"கொஞ்சமாவது?"

"இல்லீங்க."

"அந்த நீல நிறம்?"

"எங்க மருந்து பாட்டில் மூடி அதே நிறந்தான்."

"தொழிலாளிங்க கை அசைச்சாங்களே?"

"பாவமா இருந்துச்சு."

"மேடையில... அந்தச் சத்தம் கேட்டப்போகூடவா?"

"அப்போ அசிங்கமா இருந்துச்சுங்க." இதைச் சொல்ல அவள் ஒன்றும் கஷ்டப்படவில்லை.

மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார். நெற்றியில் வியர்வை. "ரெண்டு லட்சத்துக்கு மேல ஆளுங்க வந்திருக்காங்க. ஒருத்தர் பாதியில மயங்கி விழுந்தார். ஆம்புலன்ஸ்ல ஏத்தறப்போகூட 'வியந்தேன்'னு கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போனார். நீங்க... படிச்சவங்க... நர்ஸ் வேற..."

அவள் பேனாவை அவர் பக்கம் நகர்த்தினாள். 'மன்னிச்சுக்கோங்க' என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. பல்லைக் கடித்து உள்ளே தள்ளினாள்.

மூன்று நாற்பத்தைந்து. மேலாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு பக்கங்களைப் பிரித்தார். படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு சிவப்பு மையில் ஒரு சீட்டு எழுதத் தொடங்கினார்.

"எனக்கு வேற வழி இல்ல. வியக்காதவங்களுக்குத் திங்கட்கிழமைச் சரக்குதான். உங்களுக்குப் புரியுதா அது என்னன்னு? அதுல ஒரு பெரிய மனுஷன் விரல்கூடப் பட்டதில்ல. அது ஒரு கைதட்டல்கூடக் கேட்டதில்ல. சும்மா செஞ்சு வெச்சிருக்கு. செஞ்சு மட்டுந்தான் வெச்சிருக்கு!"

"குடுங்க," என்றாள் நர்ஸம்மா. குரல் நடுங்கியது. அவமானத்தில் நடுங்குகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் பேனல்கள் தூசி படிந்து அடுக்கியிருந்தன. அங்கிருந்தவர் சீட்டைப் பார்த்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "என்னம்மா தப்பு பண்ணீங்க?" ஒவ்வொரு பேனலின் பின்பக்கத்திலும் 'மரியாதை அற்றது' என்று சிவப்பு முத்திரை குத்தினார். கணவர் பழைய பேனலைப் போர்வை உருவி வாசலுக்கு வெளியே இறக்கிவைத்துவிட்டு வேனை உள்ளே கொண்டுவந்திருந்தார். ஏழாவதை அதில் ஏற்றியபோது மூன்று ஐம்பத்தாறு.

கணவர் முத்திரையைப் படித்தார். அவர் மீசை துடித்தது. "என்னம்மா இது? கழிச்சுப்போட்டதைத் தலையில கட்டிட்டானா? நீயும் வாங்கிட்டு வந்து நிக்கற?"

"வண்டியை எடுங்க."

"இரு, நான் போய் ரெண்டு வார்த்தை..."

"எடுங்கங்கறேன்ல!"

அவர் வண்டியைக் கிளப்பினார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அவள் அவரை அதட்டியது அதுதான் முதல் முறை.

வாசல் தடுப்புக் கம்பி உயரத் தொடங்கியது. அப்போதுதான் பின்னாலிருந்து யாரோ ஓடிவந்தார்கள். மேலாளர். கையில் பதிவேடு. கம்பி பாதியில் நின்றது.

"இருங்க, இருங்க!" மூச்சு வாங்க நர்ஸம்மாவின் பக்கத்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். "என்னால முடியலம்மா. நாங்க மனுஷங்க. ஒரு நர்ஸை இந்தச் சரக்கோட அனுப்பிட்டு நான் எப்படித் தூங்கறது? ஒரு கையெழுத்து. ஒண்ணே ஒண்ணு. நானே எல்லாத்தையும் இறக்கிட்டு முழு மரியாதையை ஏத்தித் தர்றேன்."

"பார்த்தியா, நல்ல மனுஷன்," என்றார் கணவர். "போட்டுத் தொலையேம்மா! நல்லதைத் தர்றேங்கறார்ல!"

"வேண்டாம்."

"என்ன பிடிவாதம் இது?" கணவர் ஸ்டியரிங்கைத் தட்டினார். "அங்க குழந்தைங்க மருந்து கெட்டுட்டு இருக்கு, உனக்கு இங்க ரோஷம் கேக்குதா?"

நர்ஸம்மா ஜன்னலைப் பார்த்தாள். அதன் விளிம்பை மேலாளரின் விரல்கள் இறுகப் பற்றியிருந்தன. அவர் உண்மையாகவே அழுதுவிடுவார் போலிருந்தது. அழுகிற ஆளை அவள் தட்டிக்கொடுக்காமல் விட்டதே இல்லை. ஒரு நல்ல வார்த்தை சொன்னால் போதும், இந்த மனிதர் இன்றிரவு நிம்மதியாகத் தூங்குவார். அந்த ஒரு வார்த்தையில் ஏழு பேனலும் இறங்கிவிடும்.

கையை மடியிலேயே இறுக்கிக்கொண்டாள். "படம் நீளந்தான்," என்றாள் முன்னால் பார்த்தபடி. "காத்தும் வரல. உங்க பேச்சும் எனக்குப் பிடிக்கல."

மேலாளர் ஜன்னலை விட்டார். உள்ளே கடிகாரம் நான்கு அடித்தது. காவலர் மணியைப் பார்த்துக் கம்பியை முழுதாக உயர்த்தினார். அலுவலக நேரம் முடிந்துவிட்டது.

முதல் வளைவு திரும்பும்வரை அவள் மூச்சே விடவில்லை. பிறகு திங்கட்கிழமைச் சரக்கின் கதையைச் சொன்னாள். கணவர் ஓட்டிக்கொண்டே கேட்டார். இடையில் ஒருமுறை வண்டியை ஓரங்கட்டி, பின்னால் போய்ப் போர்வையை உதறி அந்த ஏழு பேனல்களுக்கும் போர்த்திவிட்டு வந்தார்.

*

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கடைசிப் பேனலைப் பூட்டினார்கள். பதினொன்றுக்குக் குளிர்பெட்டி நான்கு டிகிரியைத் தொட்டது. அடுத்த நாள் முப்பத்தெட்டுக் குழந்தைகளும் வந்தார்கள். முப்பத்தெட்டும் அழுதன. ஒவ்வொன்றின் காலையும் அவள் தடவிக் கொடுத்தாள்.

விடுமுறை முடிந்த வாரத்தில் நிறுவனத்திடமிருந்து தடித்த காகிதத்தில் ஒரு கடிதம் வந்தது.

"மதிப்பிற்குரிய அம்மையீர், தங்களுக்கு நேர்ந்த கொடுமையைக் கேட்டுத் தலைவர் மிகவும் மனம் வருந்தினார். திங்கட்கிழமைகளில் விருந்தினர் வராததே இத்தகைய மரியாதை அற்ற பேனல்கள் உருவாகக் காரணம் என்று விசாரணைக் குழு கண்டறிந்துள்ளது. எனவே இனித் திங்கட்கிழமைகளிலும் சுற்றுலா நடைபெறும். தரைக்கு மெருகு போடுவது நிறுத்தப்படுகிறது. கொட்டகையில் மீதமிருந்த பேனல்கள் அனைத்தும் தலைவர் முன்னிலையில் உடைத்து அழிக்கப்பட்டன. தங்களுக்குக் கிடைத்ததுபோன்ற பேனல் இனி எவருக்கும் கிடைக்காது என்று உறுதியளிக்கிறோம்."